முதல் பில் யார் பேரில்?

மேஜைமேல் ஒரு கடலைமிட்டாய்ப் பாக்கெட். அந்தப் பக்கம் டை கட்டிய இளைஞர் ஒருவர். இந்தப் பக்கம் கோவில்பட்டி அண்ணாச்சி, அவருடைய மகள், ஓரத்து நாற்காலியில் நான். எனக்குச் சென்னையில் வழி தெரியும் என்பதால் கூட்டிக்கொண்டார்கள். டிரேட்மார்க் வக்கீல் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அதனால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இது. அண்ணாச்சியின் அப்பா தொடங்கிய கடலைமிட்டாய்க்கு ஒரு பெயர் உண்டு. அதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. இத்தனை வருஷமும் அதை யாரும் பதியவில்லை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அதே பெயருக்கு விண்ணப்பித்து, அது டிரேட்மார்க் ஜர்னலிலும் வந்துவிட்டது. திங்கட்கிழமைதோறும் இணையத்தில் வெளியாகும் அந்த ஜர்னலைக் கோவில்பட்டியில் யார் படிக்கிறார்கள்? மதுரை ஏஜென்சிக்காரர் ஒருவர் சொல்லித்தான் இவர்களுக்குத் தெரிந்தது. ஜர்னலில் வந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போட்டாக வேண்டும். தாண்டினால் வாங்க மாட்டார்கள். அதில் பாதிக்கு மேல் போன பிறகுதான் அப்பாவும் மகளும் பஸ் ஏறினார்கள்.

டை கட்டியவர் நன்றாகப் பேசினார். "நூறு சதவீதம் ரிஜிஸ்டர் ஆயிடும் சார். ஆகலைன்னா எங்க ஃபீஸ் வாபஸ்." கண்ணாடிக் கதவு, காப்பி மெஷின், சுவரில் பெரிய திரை. அதில் அவர்கள் பதிந்து கொடுத்த பிராண்டுகளின் பெயர்களும் எண்ணிக்கையும் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணாச்சிக்குத் திரை பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க வேலைய எந்த வக்கீல் செய்வாங்க?"

"எங்க லீகல் டீம் மேடம்."

"அவங்க பேரு?"

அவர் உள்ளே போய்விட்டு வந்து ஒரு பெயரைச் சொன்னார். அந்த வக்கீல் டெல்லியில் இருக்கிறாராம்.

"ஆபீஸ்லருந்து நோட்டீஸ் வந்தா யாருக்கு வரும்?"

"எங்க மெயிலுக்குத்தான். நீங்க கவலையே பட வேண்டாம்."

கவலைப்பட வேண்டிய இடமே அதுதான் என்பது எனக்கு அப்புறம் விளங்கியது. விண்ணப்பம் போட்டதும் பதிவகத்தில் ஓர் அதிகாரி அதைப் பரிசோதித்து ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தக் கடிதம் போவது விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் மின்னஞ்சலுக்கு. அது ஏஜென்டுடையதாக இருந்து, அவர் கடையை மூடிவிட்டாலோ மறந்துவிட்டாலோ, வியாபாரி தன் பெயர் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். பதிவகத்தில் அது கைவிடப்பட்ட விண்ணப்பமாகக் கிடக்கும்.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது அந்தப் பிள்ளை ஒரு காரியம் செய்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது. டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் அந்த விண்ணப்பத்தின் சரித்திரம் முழுக்கத் தெரியும். யார் ஏஜென்ட், அதிகாரி என்ன கேட்டார், இவர்கள் என்ன பதில் எழுதினார்கள், எல்லாம் பொதுப் பார்வைக்கு இருக்கிறது. பைசா செலவில்லை. சற்றுமுன் திரையில் ஓடிய பிராண்டுகளில் சிலவற்றை அவள் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தேடி அந்தப் பதில் கடிதங்களைத் திறந்தாள். எல்லாம் ஒரே கடிதம். ஒரு சமையல் எண்ணெய்க்கு எழுதிய பதிலில் நடுப்பக்கத்தில் பனியன் என்று இருந்தது. முந்தைய கட்சிக்காரர் திருப்பூர்க்காரராக இருந்திருக்க வேண்டும்.

"எண்ணெய்ல பனியன் மெதக்குது" என்றார் அண்ணாச்சி. அதோடு திரை மோகம் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வழக்கில் ஜெயித்தால் இவ்வளவு என்று ஃபீஸ் பேசுவதும் கூடாது. சட்டம் படித்தவர் பெயர்ப்பலகையின் அளவைக்கூட அடக்கி வைக்க வேண்டியிருக்க, சட்டம் படிக்காத இடைத்தரகர் உத்தரவாதத்தோடு விளம்பரம் செய்கிறார். கோவில்பட்டியிலிருந்து தேடுகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது இவர்தான்.

அடுத்தவர் பெரிய வக்கீல். பெரிய என்பதை மரியாதையாகவே எழுதுகிறேன். தலைக்குமேல் எட்டாத உயரத்துக்குப் புத்தக அலமாரிகள், தோல் அட்டைகளில் பொன்னெழுத்து, நீதிபதிகளோடு எடுத்த புகைப்படங்கள். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய காலத்தில் அவர் அங்கே வாதாடாத வாரம் கிடையாதாம். 2021-ல் வாரியத்தைக் கலைத்து அந்த வழக்குகளை உயர் நீதிமன்றங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு வருத்தம் இருந்தது.

அவர் ஒரு கதை சொன்னார். ஐடிசியின் யிப்பீ நூடுல்ஸில் 'மேஜிக் மசாலா' என்று ஒரு வகை. நெஸ்லேயின் மேகியில் 'மேஜிகல் மசாலா' என்று வந்தது. ஐடிசி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2020-ல் தோற்றது. மேஜிக் என்பது சரக்கைப் புகழும் சொல், அந்த வியாபாரத்தில் எல்லாரும் புழங்குவது, அதை ஒருவர் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. "அதனால, பேருல ஸ்பெஷல், ருசி, நயம்னு எதைச் சேர்த்தாலும் அதுக்கு பலம் கிடையாது" என்று முடித்தார். கதை சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எங்கள் பாக்கெட்டைத் தொடவே இல்லை.

எங்கள் வேலையை எந்த வக்கீல் செய்வார் என்ற அதே கேள்வியை மகள் கேட்டாள். பெரியவர் கதவுப் பக்கம் விரலைக் காட்டினார். உள்ளே வந்த ஜூனியர் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கண்ணில் தூக்கம், கையில் நான்கு கேஸ் கட்டுகள். "இவர் பார்த்துப்பார். கோர்ட்டுக்கு வந்தா நான் வருவேன்" என்றார். அந்தப் பையன் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். பாவம், அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். உயர் நீதிமன்றத்தின் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டு வழக்குகளைத் தேட முடிகிறது. அப்படிப் பார்த்ததில் அவருடைய பட்டியல் கனமானது. நாளைக் காலை தடையுத்தரவு வேண்டும், எதிரி சரக்கைச் சந்தையில் இறக்கிவிட்டான் என்றால் அவரிடம்தான் ஓட வேண்டும். எதிர்ப்பு மனு வேறு மாதிரியான வேலை. அது பில்களையும் பிரமாணப் பத்திரங்களையும் தேதிவாரியாக அடுக்கி வருஷக்கணக்கில் விடாமல் காத்திருப்பது. அந்த வேலையில் கட்சிக்காரருக்குக் கிடைப்பது பெரியவரின் அனுபவமா, பையனின் தூக்கமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது இடம் தம்புச் செட்டித் தெரு. காளிகாம்பாள் கோயிலைத் தாண்டி ஒரு பழைய கட்டடம். கீழே ஜெராக்ஸ் கடை, அதன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் நோட்டரி, முத்திரைத்தாள் வாங்க நிற்கும் கூட்டம். மதிய இடைவேளை. கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டுகள் தெருவை நிறைத்துக்கொண்டு வருகின்றன. கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டே சிலர் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறார்கள். குறுகலான மரப்படி. மாடியில் பெயர்ப்பலகை கைக்குட்டை அளவுக்குத்தான் இருந்தது.

வக்கீலம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். உட்காரச் சொல்லிவிட்டு முதலில் கேட்டது, "எதிர்ப் பார்ட்டி யாரு? அந்தப் பேரை மட்டும் சொல்லுங்க. உங்க கதை அப்புறம்." அண்ணாச்சி பாதி வாக்கியத்தில் நின்றார். வக்கீலம்மா கோயம்புத்தூர் நிறுவனத்தின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். அவர்களுக்கோ அவர்கள் சார்ந்தவர்களுக்கோ தான் எப்போதாவது ஆஜராகியிருக்கிறோமா என்று பார்த்தாராம். இல்லை என்று தெரிந்த பிறகு, "இப்ப சொல்லுங்க" என்றார். முந்தைய இரண்டு இடத்திலும் அண்ணாச்சி தன் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிட்டு வந்திருந்தார். கேட்டுக்கொண்டவர்களில் ஒருவர் ஏற்கெனவே எதிரியின் ஆளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பாக்கெட்டைக் கையில் எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெயருக்கு மேலே இருந்த பொடி எழுத்தை விரலால் தொட்டார்.

"வட்டத்துக்குள்ள ஆர் போட்டிருக்கீங்களே, யார் போடச் சொன்னது?"

"சிவகாசில அச்சடிக்கையிலயே போட்டுக் குடுத்துட்டாங்கம்மா. எல்லா பாக்கெட்லயும் இருக்குல்லா."

"பதிவாகாத பேருக்கு அதைப் போட்டா சட்டப்படி தப்பு சார். 107-ஆம் பிரிவு. முன்னாடி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் சொல்லியிருந்தது, இப்ப அபராதம். டி.எம்.னு போடுங்க, அதுக்குத் தடையில்ல. இருக்கிற உறையில வேற பேப்பர் ஒட்டுங்க. இன்னைக்கே ஊருக்கு போன் பண்ணிடுங்க."

அண்ணாச்சி போனை எடுத்தே விட்டார். வக்கீலம்மா சிரித்துக்கொண்டு, பேசி முடித்துவிட்டுச் செய்யலாம் என்றார். பிறகு பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் இருந்த ஊர்ப் பெயரைக் காட்டினார். கோவில்பட்டி என்பதை அந்த ஊரில் யாருக்கும் தனியாகத் தர மாட்டார்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நீங்கள் தனியே பதிந்துகொள்ளலாம், அதற்கான பதிவகமும் கிண்டியில்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு வேலை, இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றார். லேபிளை வரைந்தது யார் என்று கேட்டார். வரைந்தவர் இருக்கிறாரா, உரிமையை எழுதிக் கொடுப்பாரா? மகள் வேகவேகமாகக் குறித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து அங்கே கேள்விகளின் திசை மாறியது அப்போதுதான். வக்கீலை எடைபோடப் பட்டியலோடு வந்தவர்களை வக்கீல் எடைபோட ஆரம்பித்திருந்தார்.

"முதல்ல வித்த பில் இருக்கா?"

"அப்பா காலத்துலருந்தே போடுதோம்."

"அது வாய்ச்சொல். பில் இருக்கா சார்?"

மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய பில் புத்தகம் வந்தது. கார்பன் தாள் மை மங்கியிருந்தது, ஓரம் கரையான் தின்றிருந்தது. வக்கீலம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். இந்தப் பில்தான் உங்கள் ஆயுதம் என்று சொல்லிவிட்டுக் காரணத்தையும் சொன்னார். முதலில் விண்ணப்பித்தவரைவிட முதலில் புழங்கியவருக்கே இந்தச் சட்டத்தில் வலு அதிகம். அதற்கு அவர் காட்டியது அண்ணாச்சியின் பக்கத்து ஊர் வழக்கு என்று சொல்லத்தக்க ஒன்று. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு. அதில் எதிர்த்தரப்பும் பதிவு வாங்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் நெடுங்காலம் முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்றுவந்தவர் உரிமைதான் மேலானது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இருட்டுக்கடை என்றதும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை சட்டம் எங்கோ டெல்லியில் நடக்கும் சங்கதியாக இருந்தது. இப்போது நெல்லையப்பர் கோயில் வாசலுக்கு வந்துவிட்டது.

வக்கீலம்மா பில்லை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்லதாம்மா."

"அவர் இப்ப?"

"தவறிட்டாக."

"உயில்?"

"அதெல்லாம் எங்க… எழுதல."

"கூடப் பிறந்தவங்க?"

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்தார். தம்பி ஒருத்தன் சாத்தூரில் இருக்கிறான் என்றார். கொஞ்சம் கழித்து, அவனும் அதே பெயரில்தான் போடுகிறான் என்றார். மகள் குறிப்பெழுதுவதை நிறுத்தியிருந்தாள். வக்கீலம்மா வேறு யாரும் உண்டா என்று கேட்க, "தங்கச்சி ரெண்டு பேரு. கட்டிக் குடுத்தாச்சு. அவங்களுக்கும் மிட்டாய்க்கும் என்னம்மா?" என்றார்.

அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வக்கீலம்மா பதில் சொல்லும் முன்பே மகள் சொன்னாள்: "அவங்களும் தாத்தாவுக்கு வாரிசுதானேப்பா."

அண்ணாச்சி மகளைத் திரும்பிப் பார்த்தார். கோபமா, வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு அவளும் கட்டிக்கொடுக்கப்படப் போகிறவள்தான். அந்தக் கணக்கும் அவர் மனசில் ஓடியிருக்குமோ என்னவோ.

வக்கீலம்மா அதில் நிற்கவில்லை. உங்கள் பேரில் மட்டும் விண்ணப்பம் போட்டால் கோயம்புத்தூர்க்காரர் முதல் அடியை அங்கேதான் கொடுப்பார், பில் ஒருவர் பேரில், விண்ணப்பம் இன்னொருவர் பேரில், நடுவில் கைமாறியதற்குக் காகிதம் எங்கே என்று கேட்பார் என்றார். அவர் சொன்ன வழி இது. எதிர்ப்பு மனு யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு வாரிசுத் தகராறு தடையில்லை. ஆகவே அதை அண்ணாச்சி பேரில் உடனே போட்டுவிடுவது. சொந்த விண்ணப்பத்தை நிறுத்தி வைப்பது. நால்வரும் உட்கார்ந்து பேசி ஒரு பத்திரம் எழுதிக்கொண்டு வந்த பிறகு அதைப் போடுவது.

அன்றைக்கே இரண்டையும் போட்டுப் பணம் வாங்கியிருக்கலாம். நான் பார்த்த மூவரில் வேலையை வேண்டாமென்று தள்ளிவைத்தவர் இவர் ஒருவர்தான். என்னைக் கேட்டிருந்தால் அந்த நொடியிலேயே இவர்தான் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மகள் விடவில்லை. இணையதளத்தில் இவர் எழுதிய பதில்களையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். "ஒரு கேஸ்ல தோத்திருக்கீங்க மேடம்" என்று விண்ணப்ப எண்ணைச் சொன்னாள். அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வக்கீலம்மா கோபப்படவில்லை.

"ஆமா, தோத்தேன். நாங்க காட்டின பில்லுல வேற பேர் இருந்தது. ஆர்டரைப் படிச்சா தெரியும். அதுக்கு மேல அவங்களப் பத்தி நான் பேசக்கூடாது, கேட்காதீங்க."

"நாங்க ஜெயிப்போமா?"

"பில்லு நல்லா இருக்கு. அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும். வருஷக்கணக்குல இழுக்கும். அதுக்குத் தயாரா இருங்க."

ஃபீஸைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அரசுக் கட்டணம் தனி வரி: ஒரு கிளாஸுக்கு, இணையம் வழியே போட்டால், எதிர்ப்பு மனுவுக்கு 2,700 ரூபாய். கடலைமிட்டாய் முப்பதாம் கிளாஸில் அடங்குவதால் இப்போதைக்கு ஒன்று போதும். மனு எழுத, சாட்சியப் பிரமாணப் பத்திரம் தயாரிக்க, விசாரணைக்கு ஆஜராக என்று தன் கூலியைப் படிப்படியாகப் பிரித்திருந்தார். விசாரணைக்கு யார் வருவார் என்ற கேள்விக்கு, "நான்தான். முடியலைன்னா முன்னாடியே சொல்லுவேன்" என்றார். பதிவகத்திலிருந்து எது வந்தாலும் அன்றே மகளின் மெயிலுக்கும் அனுப்புவதாக அதே தாளின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெரிய வக்கீல் கேட்டதைவிடக் குறைவு, டைக்காரர் கேட்டதைவிட மூன்று மடங்கு. அண்ணாச்சி பேரம் பேச வாயெடுத்தார். மகள் அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். பவர் ஆஃப் அட்டர்னி படிவத்தில் அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அந்த அறையில் அவர் முழுதாகப் படித்த ஒரே தாள் அதுதான். அன்றைய ஆலோசனைக் கட்டணத்துக்கு வக்கீலம்மா ரசீது கொடுத்தார். மிட்டாய்ப் பாக்கெட்டைத் திருப்பித் தரவில்லை. அது சாட்சியப் பொருள் என்று மேலுறைக்குள் போட்டுத் தேதி எழுதினார். அண்ணாச்சி இன்னொன்றை எடுத்து, "இது சாப்பிடுததுக்கும்மா" என்று வைத்தார்.

எதிர்ப்பு மனு கெடுவுக்குள் போய்விட்டது. சாத்தூர்த் தம்பி இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டிருந்து பிறகு ஒத்துக்கொண்டார். தங்கைகள் இருவரும் கேட்ட மாத்திரத்தில் வந்தார்களாம். அண்ணாச்சிக்கு அதில் இன்னும் ஆச்சரியம். நால்வரும் கூட்டாளிகளாகப் பத்திரம் எழுதி, சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழும் வாங்கிய பிறகு சொந்த விண்ணப்பம் போடப்பட்டது. சிறு நிறுவனம் என்பதால் அதற்கு அரசுக் கட்டணம் 9,000 இல்லை, 4,500 ரூபாய். இன்ன வருஷத்திலிருந்து விற்கிறோம் என்பதற்கான பிரமாணப் பத்திரத்தோடு அந்தக் கரையான் தின்ற பில்லின் நகலும் போயிருக்கிறது. எதிர்ப்பு மனு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கோயம்புத்தூர்க்காரர் எதிர்வாதம் தாக்கல் செய்திருக்க வேண்டும், செய்யாவிட்டால் அவருடைய விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும். கடைசி வாரத்தில் தாக்கல் செய்துவிட்டார். அவரும் நல்ல வக்கீலாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறார்.